லிஃப்ட் மெக்கானிக்கும் ஆறு கம்பியும்

முப்பத்தொன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருடமாக ஒரு மனிதர் தன் இரண்டு காதுகளை நம்பி லிஃப்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுவந்தார். "இது ஓடலாம்" என்று அவர் எழுதிக் கொடுத்த பெட்டிக்குள் கர்ப்பிணி ஏறினாள், கண் தெரியாதவர் ஏறினார், முதலாளி ஏறினார், முதலாளியின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் ஏறினார். எல்லோரும் முழுசாக இறங்கினார்கள். அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. லிஃப்ட் நின்றுபோனால்தான் மெக்கானிக் என்று ஒரு ஜென்மம் இருப்பதே ஜனங்களுக்கு ஞாபகம் வரும்.

கம்பெனியில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். எட்டாவது மாடியில் கதவு உருளை தேய்ந்திருப்பதைக் கீழே வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அவருக்கு ஜோடியாகப் பதினோரு வருடமாக வேலை செய்கிறவருக்கு டார்ச்சு என்று பெயர். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது டார்ச்லைட்டை வாயில் கவ்விக்கொண்டே பேசுவதால் வந்த பெயர். டார்ச்சு பேசுவதில் பாதி யாருக்கும் விளங்காது. பாம்புச்செவிக்கு மட்டும் விளங்கும்.

இந்தப் பாம்புச்செவி ஐம்பத்துமூன்றாவது வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளப் போனார். காரணம் ஒரு லிஃப்ட்தான்.

ஒரு அலுவலகக் கட்டடத்தில் கரண்ட் போய், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றுவிட்டது. உள்ளே சிலர் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பெண் அலற ஆரம்பித்தாள். மேலே மெஷின் அறையில் பிரேக்கைத் தளர்த்தி, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியை அடுத்த மாடிக்குக் கொண்டுவருவது பாம்புச்செவியின் வேலை. சுற்றிக்கொண்டிருக்கும்போது, வடம் இறங்குகிற துவாரம் வழியாக ஒரு சத்தம் மேலே வந்தது. மாட்டிக்கொண்டவர்களில் ஒருவரிடம் கிட்டார் இருந்திருக்கிறது. இருட்டில் அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். அலறல் அடங்கியது. அந்தத் துவாரம் வழியாகப் பாம்புச்செவி அதுவரை மெஷின் இரைச்சலும் மனிதர்களின் வசவும்தான் கேட்டிருக்கிறார். ஆறு நிமிடத்தில் முடியவேண்டிய வேலை பதினான்கு நிமிடம் ஆயிற்று. "சக்கரம் இறுகிக் கிடந்துச்சுடா" என்று டார்ச்சிடம் சொன்னார். பச்சைப் பொய்.

அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மைத்துனர் வீட்டுப் பரண்மேல் ஒரு பழைய கிட்டார் கிடந்தது; கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கி, கல்யாணத்துக்குப் பின்னால் மறந்துபோனது. தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவர். ஆயிரம் படுக்கை விரிப்பில் ஒரு கறையைக் கண்டுபிடிக்கிற கண். அவர் கிட்டாரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"இந்த வயசுல கிட்டாரா? யார்மேலயாச்சும் காதல் கீதல் வந்துடுச்சா?"

"வந்தா உன்மேலதான் வரும்."

"அது வர்றதுக்கு முப்பது வருஷம் லேட்டுங்க. போய் கைகால் கழுவிட்டு வாங்க."

டீச்சருக்கு இருபத்தேழு வயது. பகலில் மருந்துக்கடையில் வேலை, சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு முன்னறையில் கிட்டார் வகுப்பு. மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பாம்புச்செவி மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

"என்ன டீச்சர், லிஃப்ட் இல்லாத கட்டடத்துல என்னை ஏற வச்சிட்டீங்க!"

"வாங்க அங்கிள். முழங்காலுக்கும் சேர்த்தே கத்துத் தர்றேன்."

பிடித்துப்போயிற்று. டீச்சர் அவர் கிட்டாருக்குப் புதுக் கம்பிகள் மாட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தாள். டியூனர் என்று நகவெட்டி அளவில் ஒரு கருவி. கிட்டார் தலையில் கவ்வ வைத்து ஒரு கம்பியை மீட்டினால் சுருதி சரியென்றால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு. முதல் நாள் விரல் எங்கே வைப்பது என்பதோடு வகுப்பு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும்தான் வினை. வேறு யாராவது என்றால் ஆசையாக நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு மூலையில் வைத்திருப்பார்கள். பாம்புச்செவி பெருவிரலால் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் அமுக்கிப் பார்த்தார். ஒன்று விறைப்பாக இருந்தது, ஒன்று கொஞ்சம் கொடுத்தது. ஆறும் ஆறு விதம். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

இதைச் சொன்னால்தான் விஷயம் புரியும். லிஃப்ட் பெட்டியைப் பல எஃகு வடங்கள் சேர்ந்து தாங்குகின்றன. ரோப் என்பார்கள் தொழிலில். எல்லா ரோப்பும் ஒரே விறைப்பில் இருக்கவேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பளு மற்றவற்றின் தலையில் விழும். அதனால் மெக்கானிக் கையால் அமுக்கிப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் சரிக்கட்டுவார். பாம்புச்செவியை வளர்த்த ஆட்களிடம் ஒரே சட்டம்தான் இருந்தது: விறைத்ததைத் தளர்த்தாதே, தளர்ந்ததை இழு.

அவர் இழுத்தார். தளர்ந்த கம்பியை விறைத்த கம்பியின் அளவுக்குத் திருகினார். ஒன்றை இழுத்ததும் மற்றது கொஞ்சம் தளர்ந்தது. ரோப்பிலும் அப்படித்தான், அவருக்கு ஆச்சரியமில்லை. மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. கடைசியில் ஆறு கம்பியும் பெருவிரலுக்கு ஒன்றுபோல நின்றன. கிட்டார் எங்கேயோ 'முணுக்' என்றது. மரம் குளிருக்குச் சுருங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் அதை அப்படியே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். வாசிக்கவில்லை. அதுதான் இன்னும் வரவில்லையே.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் டியூனரை மாட்டியதும் சிவப்பாக எரிந்தது.

"எல்லாக் கம்பியும் மேல ஏறிக் கெடக்குதே! யாராச்சும் திருகினாங்களா?"

"நான்தான் டீச்சர். லேசா சரிபார்த்தேன்."

லேசாக! மூன்று எழுத்துப் பொய். அது என்ன பாடு படுத்தப்போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

"இனிமே கம்பி திருகுற சாவியில கை வைக்காதீங்க அங்கிள். பச்சை எரிஞ்சா சரி, இல்லன்னா தப்பு. அவ்வளவுதான்."

கம்பிகளை இறக்கி, ஆறுக்கும் பச்சை வரவைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவர் டியூனர் சொன்னதைத்தான் கேட்டார். மீட்டர் சொன்னால் மெக்கானிக் கேட்கவேண்டும். அந்த ஒழுக்கம் அவரிடம் இருந்தது.

பிறகு கார்டுகள் ஆரம்பித்தன. மூன்று விரலால் வெவ்வேறு கம்பிகளை அழுத்தி, ஆறையும் ஒருசேர மீட்டினால் வருகிற கூட்டொலி. ஜி, சி, டி என்று மூன்று. டீச்சர் தன் கிட்டாரில் மீட்டினால் அறை நிறைந்தது. பாம்புச்செவி தன் கிட்டாரில் மீட்டினால் புளித்தது. பல் கூசுகிற புளிப்பு.

"டீச்சர், சுருதி சேரலையே."

டீச்சர் டியூனரை மாட்டினாள். பச்சை. "கரெக்டா இருக்கு அங்கிள். நீங்க அழுத்தறது ஜாஸ்தி. கிட்டாரு அது, ஸ்பேனர் இல்ல."

அழுத்தத்தைக் குறைத்தார். புளித்தது. விரலை மாற்றி வைத்தார். புளித்தது. "புதுசா கத்துக்கறவங்களுக்கு அப்படித்தான் கேக்கும், காது பழகணும்" என்றாள் டீச்சர். ஐந்து வாரம் ஆயிற்று. விரல் நுனி காய்த்துப்போயிற்று. காது பழகவில்லை.

வீட்டில் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். "இந்தக் கிட்டார்ல ஏதோ கோளாறு இருக்கு."

மனைவி துணி மடித்துக்கொண்டே சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடமும் அவர் கருவியைக் குறை சொல்லிப் பிழைத்தவர் இல்லை. 'மெஷின் சரியில்லை' என்று வந்து நிற்கிற மெக்கானிக்குகளை அவரே கேலி செய்திருக்கிறார். கிட்டார் சரி, விளக்கும் பச்சை. அப்படியானால் எது தப்பு?

காது.

அந்த நினைப்பு வந்த நிமிடம் அவர் பயந்துபோனார். ஏனென்று சொல்கிறேன். அவர் சேர்ந்த புதிதில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். கடைசி நான்கு வருடம் அவருக்குக் காது மந்தம். வெளியே சொல்லவில்லை. சொன்னால் மெஷின் அறையிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்து நட்டு எண்ணச் சொல்வார்கள். ஒரு கட்டடத்தில் பேரிங் இரண்டு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் பெட்டி மாடிக்கு ஒரு முழம் கீழே குலுங்கி நின்றது. ஏற வந்த துப்புரவுத் தொழிலாளிப் பெண் கால் தவறி உள்ளே விழுந்தாள். இடுப்பு முறிந்தது. விசாரணையில் ஃபோர்மேன் சொன்னது இரண்டே வார்த்தை: "எனக்குக் கேக்கல." கம்பெனி 'மனிதத் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடியது. மெக்கானிக்குகளுக்கு வருடம் ஒருமுறை காது பரிசோதனை வைக்கவேண்டும் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

பாம்புச்செவி கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார்.

வேலையை நிறுத்தவில்லை. எல்லாம் பார்ப்பார், துடைப்பார், எண்ணெய் போடுவார். கடைசியில் தாளை டார்ச்சிடம் நீட்டுவார். மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு மருத்துவர்கள் குடியிருப்பின் மெஷின் அறையில் டார்ச்சு தாளை வாங்காமல் நின்றார்.

"மறுபடியும் நானா? என்னண்ணே, எல்லாம் என் பேர்லயே போகுது. போலீஸ் கேஸ் எதுவும் வருதா?"

"கை வலிக்குதுடா."

"கிட்டார் புடிக்கிற கைக்கு வலி இல்ல, பேனா புடிக்கிற கைக்குத்தான் வலியா?"

பாம்புச்செவி மோட்டாரைக் காட்டினார். "அது உனக்கு எப்படிக் கேக்குது?"

டார்ச்சு வாயிலிருந்து டார்ச்லைட்டை எடுத்தார். முக்கியமான விஷயத்துக்குத்தான் எடுப்பார். "எனக்கு எல்லா மோட்டாரும் ஒரே மாதிரிதான் கேக்கும். வித்தியாசம் கேக்கத்தானே நீ இருக்க?"

"என் காது போச்சுடா."

"யாரு சொன்னா?"

"கிட்டார்ல தெரிஞ்சுபோச்சு. கருவி சரின்னு காட்டுது. எனக்குத் தப்பாக் கேக்குது."

"கருவியா நீயான்னா நான் உன்னைத்தான் நம்புவேன்."

"அந்த ஃபோர்மேனையும் அப்படித்தான் நம்பினாங்க."

டார்ச்சு தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "அண்ணிகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல. நீ சொன்னா உன்னைக் கொன்னுடுவேன்."

"என்னையும் கொன்னுட்டா அப்புறம் கையெழுத்து யாரு போடுறது?"

அன்று சாயங்காலமே டார்ச்சு அண்ணிக்குப் போன் போட்டுவிட்டார். நல்ல சிநேகிதன் ரகசியத்தை வைத்துக்கொள்ள வேண்டிய இடமும் உண்டு, உடைக்க வேண்டிய இடமும் உண்டு. பதினோரு வருடப் பழக்கத்தில் டார்ச்சுக்கு அது தெரிந்திருந்தது.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "காது கேக்கலன்னா முதல்ல எனக்குத்தானே தெரியணும்? அடுப்படியில நான் வாய்க்குள்ள முனகறதுக்கெல்லாம் கூடத்துல இருந்து பதில் சொல்றீங்க!"

"அது வேற. இது நுணுக்கம்."

"நுணுக்கமோ நூலோ, நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம். எங்க ஆஸ்பத்திரியிலயே பாக்கறாங்க."

"கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டா?"

மனைவிக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. கையை இடுப்பிலிருந்து எடுத்தார். "குடுத்தா ஸ்டோர்ல உக்காந்து நட்டு எண்ணுங்க. யார் இடுப்பும் உடையாதுல்ல? வாங்க."

சத்தம் புகாத சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்கிற அம்மா. "கிய்ங் கிய்ங்னு சத்தம் வரும். கேட்டா அழுத்துங்க. சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க."

முதல் சுற்று முடிந்ததும் அந்த அம்மா கதவைத் திறந்தார். "சின்ன சத்தம் எதுவுமே கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா. ஆனா உறுதியாச் சொல்ல முடியல. அதான் அழுத்தல."

"ஐயா, உறுதி வேண்டாம். கேட்டா போதும்."

"சந்தேகத்துல ஓகே சொல்லி எனக்குப் பழக்கமில்லீங்க."

வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் அழுத்தினார். மயிரிழைச் சத்தத்துக்கும் அழுத்தினார். முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றியவர், எழுந்திருக்காமல் கூரையைப் பார்த்தார்.

"இங்க காத்துக்கு ஒரு ஃபேன் வச்சிருக்கீங்களா? அதுல பேரிங் போகப்போகுது. மாசக் கணக்கு தாங்காது."

அந்த அம்மா கூரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எட்டு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். அங்க ஃபேன் ஓடுற சத்தமே எனக்குக் கேட்டதில்ல!"

தாளில் ஒரு கோடு வரைந்து வந்தது. மேல்சுருதியில் மட்டும் கொஞ்சம் இறக்கம், இந்த வயதில் யாருக்கும் வருவதுதான். மற்றபடி முப்பது வயதுக்காரன் காது என்றார் டாக்டர். பாம்புச்செவி தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். மனைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ கூடம்தான் கோணல்" என்றார்.

சனிக்கிழமை மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினார். குற்றம் சொல்ல வாய் வரவில்லை. "டீச்சர், ஒரே ஒரு தடவை என் கிட்டாரை நீங்க வாசிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டு மாதத்தில் டீச்சர் அதற்குச் சுருதி சேர்த்திருக்கிறாள், விளக்கு பார்த்திருக்கிறாள். ஒரு கார்டுகூட அதில் வாசித்ததில்லை. அவளுக்கு அவள் கிட்டார், அவருக்கு அவர் கிட்டார். வாங்கி ஜி அழுத்தி மீட்டினாள். முகம் சுண்டிப்போயிற்று. இன்னொரு தடவை மீட்டினாள்.

"அங்கிள், இதுலயா ரெண்டு மாசமா வாசிச்சீங்க?"

"ஆமா."

"அழாம எப்படி இருந்தீங்க?"

ஒரு கண்ணை மூடி, கிட்டாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தாள். வில்லாக வளைந்திருந்தது. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து வைத்திருக்கிற மரக்கட்டை, பிரிட்ஜ், பின்பக்கம் பலகையிலிருந்து பெயர்ந்து நின்றது. பாம்புச்செவி சட்டைப் பையிலிருந்து காது டாக்டரின் தாளை எடுத்து அந்த இடுக்கில் நுழைத்தார். சரக்கென்று உள்ளே போயிற்று. வெறும் கம்பியை மீட்டினால் பச்சை எரியும். ஆனால் கம்பி பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றதால், கீழே அழுத்த அழுத்த இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். அவர் காதுக்குப் புளித்தது அதுதான்.

"இது தானா இப்படி ஆகாது. அன்னிக்கு லேசா சரிபார்த்தேன்னீங்களே, என்ன பண்ணீங்க?"

சொன்னார். ரோப், பெருவிரல், தளர்ந்ததை இழு, எல்லாம். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை சுத்து?"

"நாலு."

"எத்தனை நாளு அப்படியே இருந்துச்சு?"

"ஒரு வாரம்."

டீச்சர் சிரித்தாள். நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். பாம்புச்செவியும் சிரித்தார். திடீரென்று அவள் நிறுத்தினாள். "என் தப்பும் இருக்கு அங்கிள். ஒவ்வொரு வாரமும் சொன்னீங்க. நான் லைட்டைத்தான் பாத்தேன்."

"வெறும் கம்பி சரியாக் கேக்குது, அழுத்தினா மட்டும் தப்பாக் கேக்குதுன்னா, பழுது நடுவுலதான்னு ஒரு மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டாமா? பயந்துட்டேன் டீச்சர். பயந்தவனுக்குப் புத்தி ஓடாது."

டீச்சர் தன் கிட்டாரைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். ஜி. சி. டி. விரல்கள் இரண்டு மாதமாக உயரக் கம்பியோடு மல்லுக்கட்டிப் பழகியவை. இந்தக் கம்பி வெண்ணெய் மாதிரி இறங்கியது. மறுபடி ஜி. புளிப்பு இல்லை. அடுத்த வகுப்புக்கு வந்த பல் டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டீச்சர் வாசிக்கறீங்கன்னு நினைச்சேன்" என்றார். டாக்டர்கள் சொல்கிற ஆறுதல் பொய்களில் அது ஒன்று. பாம்புச்செவி அதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் முதல் மெஷின் அறையில் டார்ச்சு வழக்கம்போலத் தாளை எடுத்துத் தன் பெயரை எழுதப் போனார்.

"குடுடா அதை."

டார்ச்சு வாயிலிருந்து டார்ச்லைட்டை எடுத்தார். "கை வலி?"

"போயிடுச்சு."

"மருந்து?"

"கிட்டார்தான்டா கோணல். நான்தான் கோணலாக்கினேன். அப்புறம் சொல்றேன், நீ சிரிச்சு ஏணியில இருந்து விழுந்துடாத."

ஆனால் எடுத்தவுடன் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. மூன்று வாரமாக டார்ச்சு பெயரில் போன கட்டடம் ஒவ்வொன்றுக்கும் மறுபடி போனார். டார்ச்சு முணுமுணுத்துக்கொண்டே ஏணி தூக்கினார். ஒவ்வொரு மெஷின் அறையிலும் பாம்புச்செவி கண்ணை மூடி நின்று, பெட்டியை மேலேயும் கீழேயும் ஓடவிட்டுக் கேட்டார். ஒரு கட்டடத்தில் மட்டும் ஆறாவது மாடிக்கு மேலே லேசாக ஒரு கீச்சு. பெட்டி ஏறி இறங்குகிற வழிகாட்டித் தண்டவாளத்தில் எண்ணெய் காய்ந்திருந்தது. போட்டார், போயிற்று. பிறகு பேனாவை எடுத்தார்.

அந்த வாரம் பாம்புச்செவி கையெழுத்துப் போட்ட லிஃப்டுகள் பதினேழு.